பழங்காசு வியாபாரியைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

விக்டோரியா தலை போட்ட ஒரு ரூபாய் வெள்ளிக்காசு அசலா போலியா என்பதை ஒரு சின்னத் தராசு, ஒரு காந்தம், ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தால் வீட்டிலேயே பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய விஜயநகரப் பொன்பணத்தையோ, கரூர் அமராவதி ஆற்றுமணலில் கிடைத்ததாகச் சொல்லும் சங்ககாலச் செப்புக்காசையோ அப்படித் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே விற்பவரின் கண்ணையும் சொல்லையும்தான் நம்பியாக வேண்டும்.

வியாபாரியைத் தேர்ந்தெடுக்கும் வழி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. நாமே சோதித்துப் பார்க்கக்கூடிய காசுகளை முதலில் வாங்கி அவற்றின் மூலம் ஆளைச் சோதிக்க வேண்டும். அதில் தேறியவரிடம் மட்டும் நம்மால் சோதிக்க முடியாத காசுகளுக்குப் போக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் கண்காட்சியிலேயே சேரர் காசு, சோழர் காசு என்று கைநிறைய வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்துத்தான் விற்றவர் யார் என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள்.

வியாபாரிகளில் எத்தனை வகை

நிரந்தரக் கடையோ அலுவலகமோ வைத்து இதையே முழுநேரத் தொழிலாகச் செய்பவர்கள் ஒரு வகை. கண்காட்சிகளில் மேசை வாடகைக்கு எடுத்து ஊர் ஊராகப் போகிறவர்கள் அடுத்த வகை. மும்பை, அகமதாபாத், பெங்களூரு போன்ற ஊர்களில் இயங்கும் ஏல நிறுவனங்கள் மூன்றாவது. முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் படம் போட்டு விற்பவர்கள் நான்காவது. எண்ணிக்கையில் இவர்களே மிக அதிகம். நகைக்கடை, அடகுக்கடை, பழைய பாத்திரக்கடைக்காரர்களும் காசு விற்கிறார்கள். ஆனால் அவர்கள் விற்பது உலோகம். எந்த ஆண்டு, எந்த அக்கசாலை (காசு அடித்த இடம்) என்பதில் அவர்களுக்கு அக்கறை இருக்காது. அதனால் அங்கே சில நேரம் மலிவாகக் கிடைக்கும், போலியும் அதே தட்டில் கிடக்கும்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் முதல் வகையில் ஒருவரையும், சொந்த ஊருக்குத் தவறாமல் வரும் இரண்டாம் வகையில் ஒருவரையும் குறிவைப்பது நல்லது. சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் சங்கங்கள் உண்டு. பிற பெரிய ஊர்களிலும் சங்கங்கள் இருக்கின்றன. மாதக் கூட்டத்துக்கு இரண்டு முறை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாலே யார் சரக்கு சுத்தம், யாரிடம் கவனம் தேவை என்பது பேச்சுவாக்கில் காதில் விழும். விலைப்பட்டியல் எதிலும் இல்லாத செய்தி அது.

கையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு, சரிபார்க்க 50 அல்லது 100 கிராம் எடைக்கல், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், குறுக்களவு பார்க்க டிஜிட்டல் வெர்னியர், ஒரு நியோடிமியம் காந்தம், மெல்லிய நைலான் நூல். தராசைச் சமமான இடத்தில் வைத்து ஒவ்வொரு முறையும் எடைக்கல்லால் சரிபார்த்த பிறகே எடை போட வேண்டும். பேட்டரி இறங்கிய தராசு 0.05 கிராம்வரை தவறாகக் காட்டி, நல்ல காசைப் போலியாக்கிவிடும். வெர்னியரின் எஃகு முனை காசைக் கீறும் என்பதால் முனையில் மெல்லிய டேப் ஒட்டிக்கொள்ளலாம். பூச்சியத்தை அதற்குப் பிறகு அமைக்க வேண்டும்.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள் இவை:

- பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய், 1835 முதல் 1939 வரை: 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம், குறுக்களவு சுமார் 30.5 மி.மீ.
- அதே காலத்து வெள்ளி அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92, இரண்டணா 1.46.
- ஆறாம் ஜார்ஜ் ஒரு ரூபாய், 1940 முதல் 1945 வரை: அதே 11.66 கிராம், வெள்ளி 50 சதவீதம் மட்டும்.
- 1947 ஒரு ரூபாய்: நிக்கல். வெள்ளி துளியும் இல்லை, காந்தத்தில் ஒட்டும்.
- சவரின் என்ற பிரிட்டிஷ் தங்கக்காசு: 7.98 கிராம், 22.05 மி.மீ., 22 காரட் தங்கம். 1918-ல் பம்பாயிலும் சவரின் அடித்தார்கள். அதில் அக்கசாலைக் குறியாக ‘ஐ’ எழுத்து இருக்கும்.

விலை தெரியாமல் போகக் கூடாது

ஒரு வெள்ளி ரூபாயின் அடிவிலை அதிலுள்ள வெள்ளி. 91.7 சதவீதக் காசில் சுத்த வெள்ளி 10.69 கிராம், 50 சதவீதக் காசில் 5.83 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் எந்தப் பேரத்திலும் தரைமட்டம் எது என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் ஆண்டு, அக்கசாலை, தரம் ஆகியவற்றுக்கான விலை. அந்தக் கூடுதல் தொகைக்கு வியாபாரியால் காரணம் சொல்ல முடிய வேண்டும்.

‘ரேர் காயின்’ என்ற சீட்டு ஒட்டியிருப்பதெல்லாம் அரிதல்ல. 1918 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் பம்பாய், கல்கத்தா இரண்டு அக்கசாலைகளிலும் சேர்த்து 40 கோடிக்கும் மேல் அடிக்கப்பட்டது. அதை அரிது என்று விற்பவருக்கு ஒன்று தொழில் தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார். மாறாக, 1911 ரூபாய்க்குக் கூடுதல் விலை கேட்டால் காரணம் உண்டு. மன்னர் அங்கியில் இருந்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால் அந்தக் காசில் பெரும்பகுதி வெளியே விடப்படாமல் உருக்கப்பட்டது. அடுத்த ஆண்டு யானை திருத்தி வரையப்பட்டது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 1911, 1912 காசுகளை அருகருகே வைத்து யானையின் வேறுபாட்டை லென்ஸில் காட்டுகிற வியாபாரி நல்ல அறிகுறி.

விலைக்கு ஆதாரமாக ஏல நிறுவனங்கள் வெளியிடும் விற்பனை முடிவுகளைப் பாருங்கள். யூடியூப் காணொளிகளையும் விளம்பரத் தளங்களில் போட்டிருக்கும் தொகைகளையும் நம்ப வேண்டாம். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. ஏல முடிவில் அந்த நிறுவனம் வாங்குபவரிடம் பெறும் கட்டணமும் வரியும் சேர்ந்ததா இல்லையா என்றும் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு, அதே அக்கசாலை, அதே தரம் என்று மூன்றும் பொருந்தினால்தான் ஒப்பீடு செல்லும். தேய்ந்த காசுக்கும் புழக்கத்துக்கே வராத காசுக்கும் விலை பல மடங்கு மாறும். சின்ன வியாபாரிகள் பலர் செய்யும் சூழ்ச்சியும் இதில்தான்: எக்ஸ்எஃப் (லேசாகத் தேய்ந்த) தரக் காசை யுஎன்சி (புழக்கத்துக்கே வராதது) என்று எழுதிவிடுவது. இதில் காசு அசல்தான், விலை மட்டும் போலி.

முதல் சந்திப்பு: எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது

முதல்முறை எதுவும் வாங்காமல் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்துகொண்டு போங்கள்.

காசை அவர் எப்படி எடுக்கிறார்? விளிம்பைப் பிடித்து, கீழே துணியோ அட்டையோ இருக்கும்படி எடுப்பவர் சரக்கின் மதிப்பு தெரிந்தவர். கட்டைவிரலால் முகத்தைத் தேய்த்துக் காட்டுகிறவரிடம் தரமான காசு அதிக நாள் தரமாக இருக்காது. பிறகு உறைகளைப் பாருங்கள். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் காசில் பச்சை நிறப் பிசுபிசுப்பு படிந்துவிடும். தட்டில் பாதிக் காசு அப்படி இருந்தால் சரக்கு தேங்கியிருக்கிறது, பராமரிப்பும் இல்லை.

அடுத்து நான்கு கேள்விகள். "இந்தக் காசில் என்ன குறை இருக்கிறது?" என்பது முதல் கேள்வி. பழைய காசு எதிலும் ஏதாவது ஒன்று இருக்கும். "குறையே இல்லை சார், நூறு சதம் ஒரிஜினல்" என்பது பதிலாக வந்தால் அவர் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. விளிம்பில் ஒரு அடி, பின்பக்கம் லேசாகச் சுத்தம் செய்த தடம் என்று நாம் காணாததையும் சொல்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது: "எடை போட்டுப் பார்க்கலாமா?" உண்மையான வியாபாரியே தராசை எடுத்து வைப்பார். முகம் சுளிப்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மூன்றாவது: "போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம்? பில்லில் எழுதித் தருவீர்களா?" நான்காவது: "இதையே நான் பிறகு விற்க வந்தால் என்ன கொடுப்பீர்கள்?"

முடிந்தால் விவரம் முழுக்கத் தெரிந்த ஒரு காசைக் கொண்டுபோய் அவரிடம் காட்டுங்கள். மெருகேற்றிய சாதாரண 1918 ரூபாய் போதும். அதை ஒரு நாள் விற்க வந்தவராகவும் நண்பர் ஒருவரை இன்னொரு நாள் அதே போன்ற காசை வாங்க வந்தவராகவும் அனுப்பினால், அவர் தரம் சொல்லும் அளவுகோல் ஒன்றா இரண்டா என்பது வெளிப்பட்டுவிடும். வாங்கும்போது ‘பாலிஷ் போட்டது, வெள்ளி விலைதான்’ என்றும் விற்கும்போது ‘பளபளன்னு யுஎன்சி’ என்றும் சொல்கிறாரா என்பதே சோதனை.

கண்காட்சியில் வாங்குவதாக இருந்தால் ஒன்றை மறக்கக் கூடாது. மூன்றாம் நாள் மாலை மேசை காலியாகிவிடும். கைப்பேசி எண் மட்டும் தருகிறவரை நம்பிப் பெரிய தொகை கொடுக்காமல், நிரந்தர முகவரியைக் கேட்டு வாங்குங்கள். நடத்தும் சங்கத்தாரிடமும் "இவர் எத்தனை வருடமாக மேசை போடுகிறார், தகராறு ஏதாவது வந்ததுண்டா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள்.

சோதனைக் கொள்முதல்

ஆயிரங்களில் முடிகிற, எடையும் கலவையும் நிச்சயமாகத் தெரிந்த ஒன்றிரண்டு காசுகளை வாங்குங்கள். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் இதற்கு மிகப் பொருத்தம்: போலியும் ஏராளம், சோதிப்பதும் எளிது. பில்லோடு வாங்கி வந்து வீட்டில் கீழ்க்கண்ட வரிசையில் சோதியுங்கள்.

முதலில் எடை. நிறையத் தேய்ந்த ரூபாய் 0.1 முதல் 0.3 கிராம் வரை இழந்திருக்கலாம், அது இயல்பு. தேய்மானமும் எடையும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. முடி இழை வரை கூர்மையாகத் தெரியும் காசு 11.3 கிராம் காட்டினால், மோசமாகத் தேய்ந்து 11.4 காட்டும் காசைவிட அது அதிகச் சந்தேகத்துக்குரியது. 11.66-க்கு மேல் 0.1 கிராமுக்குக் கூடுதலாக இருந்தாலும் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

அடுத்து காந்தம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் இரும்பு அல்லது நிக்கல். காசைச் சுமார் 45 பாகை சாய்த்து அதன்மேல் சிறு நியோடிமியம் காந்தத்தை வழுக்கவிட்டால் வெள்ளியில் அது தயங்கித் தயங்கி இறங்கும். பித்தளையிலும் வெள்ளீயக் கலவையிலும் சட்டென்று விழும். இந்த இரண்டாம் சோதனை கோடி காட்டும், முடிவு சொல்லாது.

முடிவைச் சொல்வது தண்ணீர்ச் சோதனை. பாதி தண்ணீர் ஊற்றிய காகிதக் கோப்பையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை நைலான் நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படியும் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியும் தொங்கவிடுங்கள். குமிழ் ஒட்டியிருந்தால் நூலை லேசாகத் தட்டுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்திருந்தால் குமிழ் வராது. இப்போது தராசு காட்டுவது காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. காசின் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 11.66 கிராம் காசு 1.13 காட்டினால் அடர்த்தி 10.3, 91.7 சதவீத வெள்ளிக்குச் சரியான எண். 1.22 காட்டினால் 50 சதவீத வெள்ளி. 1.3-க்கு மேல் போனால் அதில் வெள்ளி இல்லை, அல்லது மேற்பூச்சு மட்டும்தான். சவரினுக்கு 0.45 அளவில் வர வேண்டும். முடிந்ததும் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

இரண்டணா, கால் ரூபாய் போன்ற சிறு காசுகளில் இது உதவாது. இரண்டணா இடம்பெயர்க்கும் தண்ணீர் 0.14 கிராம்தான். தராசில் 0.01 பிசகினாலே ஏழு சதவீதம் தவறிவிடும். பழைய செப்புக்காசுகளைத் தண்ணீரில் போடவே வேண்டாம்.

கடைசியாக லென்ஸ். வார்ப்புப் போலியில் எழுத்தின் ஓரங்கள் கரைந்த சோப்புபோல் மழுங்கியிருக்கும். தட்டையான பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் அச்சுகள் சேர்ந்த கோடோ, அதை அரத்தால் ராவிய தடமோ, ஒழுங்கில்லாத வரிகளோ இருக்கும். வார்ப்பு ஆறும்போது சுருங்குவதால் குறுக்களவும் சற்றுக் குறையும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு காசைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். ஒப்புக்கொண்ட நாட்களுக்குள், உறை கலையாமல், "தரம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, மன்னிக்கணும்" என்று சொன்னால் போதும். முகம் மாறாமல் பணத்தைத் தருகிறாரா, வேறு சரக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி இழுக்கிறாரா, போனை எடுக்காமலே விடுகிறாரா? சில ஆயிரத்தில் தெரிந்துகொண்ட இந்த விடை பின்னால் லட்சங்களைக் காப்பாற்றும்.

தராசில் தெரியாத குறைகள்

எடை சரி, வெள்ளி சரி, காசும் அசல். ஆனாலும் கொடுத்த விலைக்குப் பெறாது. இந்த ரகம்தான் நம் ஊரில் அதிகம்.

நகையிலிருந்து பிரித்த காசுகள் அவற்றில் முதலிடம். ரூபாயையும் சவரினையும் காசுமாலையில் கோத்தும் வளையம் பற்றவைத்தும் அணிவது வழக்கம் என்பதால், வளையத்தை எடுத்துவிட்டு ராவி மெருகேற்றிய காசுகள் நிறையச் சுற்றுகின்றன. மன்னர் தலைக்கு நேர் மேலே விளிம்பைப் பாருங்கள். வரிகள் அங்கே மட்டும் மங்கியோ புதிதாக வெட்டியதுபோலவோ இருக்கும். பற்றவைத்த இடத்தில் நிறம் மாறியிருக்கும். ஓட்டையை அடைத்த காசில் அந்த இடத்துப் பரப்பு ஒரு சாண் தள்ளி நின்று பார்த்தாலே வேறாகத் தெரியும். சேகரிப்புச் சந்தையில் இவற்றின் விலை உலோக விலையை ஒட்டித்தான் இருக்கும்.

அடுத்தது சுத்தம் செய்தவை. புளி, எலுமிச்சை, பாலிஷ் என்று எதைப் போட்டிருந்தாலும் விளக்கின் கீழ் காசை மெதுவாகச் சுழற்றினால் உண்மை தெரியும். இயற்கையான பளபளப்பு காசின் மையத்திலிருந்து சக்கர ஆரம்போல் சுழலும். தேய்த்த காசில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்களும் உயிரற்ற வெள்ளையும்தான் இருக்கும்.

ஆண்டு திருத்தியவற்றில் பிரபலமானது 1939 ரூபாய். 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ரூபாய், மிக அரிது. 1938 காசில் எட்டை ஒன்பதாகச் செதுக்கியோ வார்ப்பெடுத்தோ விற்கிறார்கள். செதுக்கியதில் எடையும் அடர்த்தியும் சரியாகவே வரும். கடைசி எண்ணைச் சுற்றியுள்ள பரப்பில் கருவித் தடம், மற்ற மூன்று எண்களோடு ஒட்டாத உயரம் ஆகியவற்றைத் தேட வேண்டும். 1940களின் ரூபாயை மாற்றியிருந்தால் தண்ணீர்ச் சோதனையே காட்டிக்கொடுக்கும். இந்தக் காசைத் தரநிர்ணயச் சான்று இல்லாமல் யாரிடமும் வாங்காதீர்கள், எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும்.

சான்று என்றால் என்ஜிசி, பிசிஜிஎஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் 1 முதல் 70 வரையிலான அளவில் தரமிட்டு மூடி முத்திரையிட்ட பெட்டி. அதிலும் போலி உண்டு. பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்ப்பது முதல் படி. ஆனால் போலிப் பெட்டி செய்பவர்கள் உண்மையான எண்ணையே நகலெடுக்கிறார்கள். தளத்தில் காசின் படம் இருந்தால் கீறல், கறை, எழுத்தின் நிலை ஆகியவற்றைக் கையிலிருக்கும் காசோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். சீட்டில் எண்ணுக்குப் பதிலாக ‘டீட்டெயில்ஸ்’ என்று இருந்தால் காசு அசல், ஆனால் சுத்தம் செய்ததோ சேதமானதோ என்று பொருள். அதைச் சொல்லாமல் சாதாரணத் தர விலைக்கு விற்க முயல்வது ஏமாற்று.

அச்சுப்பிழைக் காசுகளில் இரண்டு பக்கமும் தலை உள்ளதை யாராவது காட்டினால் விளிம்பின் உள்ஓரத்தை லென்ஸில் பாருங்கள். இரண்டு காசைக் கடைந்து பொருத்திய வட்டக்கோடு அங்கே இருக்கும்.

சோதிக்க முடியாத காசுகளுக்குப் போகும்போது

மேலே சொன்னதிலெல்லாம் தேறிய வியாபாரியிடம் அடுத்த கட்டமாக முதலாம் ராஜராஜனின் செப்புக்காசைக் கேட்கலாம். ஒருபக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அவன் பெயரும் கொண்டது. ஏராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு. அதனால் நல்லதைப் பார்த்துக் கண்ணைப் பழக்கலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் ஒரு பகல் செலவழித்தால் கண்ணுக்கு அது பெரிய பாடம்.

பழங்காசில் ஒரு முக்கியமான விதி: கையால் அடித்த இரண்டு காசு ஒருபோதும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. ஒரே வடிவ ஓரம், ஒரே இடத்தில் ஒரே குழி உள்ள இரண்டு காசு ஒரு தட்டில் இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. அந்தத் தட்டிலுள்ள மற்றவற்றையும் சேர்த்தே சந்தேகியுங்கள். பச்சைக் களிம்பு அசலானால் உலோகத்தோடு ஒன்றியிருக்கும். பூசியதானால் அசிட்டோன் தோய்த்த பஞ்சில் நிறம் இறங்கும். வியாபாரியின் அனுமதி கேட்டு, அவர் முன்னிலையிலேயே ஒரு ஓரத்தில் இதைச் செய்யலாம். அனுமதி தருகிறாரா என்பதும் ஒரு சோதனை.

பொன்பணங்களை ஹால்மார்க் மையத்தில், உலோகக் கலவையை எக்ஸ் கதிரால் அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரத்தில் வைத்தால் தங்கத்தின் அளவு தெரியும். தங்கம் அசல் என்பது காசு அசல் என்பதற்குச் சான்றாகாது. சரியான தங்கத்திலேயே புதிதாக அடித்த பணங்கள் உண்டு, சவரினிலும் உண்டு. இங்கே பில்லில் உள்ள உறுதிமொழியும், முன்பு எங்கே யாரிடமிருந்து வந்தது என்ற விவரமும்தான் பாதுகாப்பு. பழைய ஏலச் சீட்டு கூடவே வந்தால் காசைப்போலவே பத்திரப்படுத்துங்கள்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்

‘பழைய காசு 1, தொகை 15,000’ என்று எழுதிய துண்டுச்சீட்டு எதற்கும் உதவாது. ஆட்சியாளர், மதிப்பு, ஆண்டு, அக்கசாலை, உலோகம், எடை, சொன்ன தரம், தெரிந்த குறைகள், ‘அசல் என உறுதியளிக்கப்படுகிறது, போலி என நிறுவப்பட்டால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்’ என்ற வரி, விற்பவர் பெயர், முகவரி, கையொப்பம், தேதி ஆகிய அத்தனையும் வேண்டும். தரத்தில் கருத்து வேறுபாட்டுக்கு ஏழு நாளோ பத்து நாளோ கெடு வைப்பது நியாயம். அசல் என்ற உறுதிக்குக் கெடு வைப்பது நியாயமில்லை. போலி ஏழு நாளில் அசலாகிவிடாது.

ஜிஎஸ்டி எண் இலக்கமும் எழுத்துமாக 15 இடங்கள் கொண்டது. தமிழ்நாட்டுப் பதிவானால் 33 என்று தொடங்கும். அரசின் ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். விற்றுமுதல் குறைவான சிறு வியாபாரிக்குப் பதிவு கட்டாயமில்லை, எனவே எண் இல்லாதவரெல்லாம் மோசடிக்காரர் அல்ல. பொய்யான எண்ணைப் போட்டிருப்பவர் நிச்சயம் மோசடிக்காரர்.

திரும்ப வாங்கும் விலையையும் இப்போதே பேசிவிடுங்கள். நூறு ரூபாய்க்கு விற்றதை வெள்ளி விலை மாறாத நிலையில் அறுபது, எழுபதுக்குத் திரும்ப எடுக்க முன்வருபவர் தன் சரக்கை மதிக்கிறார். அதே காசுக்கு இருபது என்றால் நமக்கு விற்ற விலை எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

இணையத்தில் வாங்கும்போது

இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியும் படங்கள், தராசில் வைத்த படம், அன்றைய தேதி எழுதிய தாளோடு ஒரு படம், இவை மூன்றையும் கேளுங்கள். மற்றவர் ஏலத்திலிருந்து படத்தைத் திருடிப் போட்டிருப்பவரால் மூன்றாவதைத் தர முடியாது. பணம் போகும் கணக்கின் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘தம்பி கணக்குக்கு அனுப்புங்க’ என்றால் நிறுத்திவிடுங்கள். காப்பீட்டோடு அனுப்பச் சொல்லி, பொதி வந்ததும் சீல் தெரியும்படி தொடங்கி, பிரித்து, எடை போடும் வரை வெட்டில்லாமல் ஒரே காணொளியாக எடுத்து வையுங்கள்.

வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் லட்சக்கணக்கில் போகிறது, பதிவுக்கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்ற அழைப்புகள் வியாபாரமே அல்ல. பழைய நோட்டு, காசு வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை, எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. அனுமன், ராமர் பட்டாபிஷேகம் போட்ட ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனி’ அணாக்களும், அவற்றுக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்ற கதையும் இதே ரகம். கம்பெனி சாமி உருவம் போட்ட காசே அடித்ததில்லை என்று சிலர் சொல்வதும் தவறு. சென்னையில் அடித்த வராகன்களில் பெருமாள் உருவம் உண்டு. அவை தங்கம், வடிவமே வேறு. இந்த அணா வில்லைகளைத் தட்டில் வைத்து அசல் நாணயம் என்று விற்கும் ஒருவரிடம் மற்ற எதையும் வாங்க வேண்டியதில்லை.

சட்டம் சொல்வது

1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. எல்லை ஆண்டுதோறும் நகர்கிறது. 1922 ரூபாய் 2022-லேயே நூறைத் தொட்டுவிட்டது. ஆகவே சிங்கப்பூர், துபாய் உறவினருக்கு விக்டோரியா ரூபாயைப் பரிசாகக் கொடுத்தனுப்புவதுகூடச் சிக்கல். "வெளிநாட்டுக்கு அனுப்பித் தரேன், பிரச்சினை இல்லை" என்று சொல்லும் வியாபாரியிடம் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. உரிமம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள்.

"போன வாரம் குழி தோண்டும்போது கிடைத்தது" என்று பானையோடு காட்டினால் இரண்டில் ஒன்று. கதை பொய்யானால் காசும் பொய்யாக இருக்கும். கதை உண்மையானால், 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காத புதையலை வாங்கினால் காசும் போகும், வழக்கும் வரும்.

ஏமாற்றப்பட்டால்

காசைப் பிரிக்காமல், சுத்தம் செய்யாமல் அப்படியே வையுங்கள். பில், பணம் அனுப்பிய சான்று, உரையாடல், காணொளி ஆகியவற்றைச் சேர்த்து, திருப்பித் தரக் கோரி விற்றவருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அவர் சங்க உறுப்பினரானால் நகலைச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் அடுத்த கண்காட்சியில் மேசை கிடைக்காது என்ற பயம் உண்டு. தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். ஐந்து லட்சம் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டவர் என்றால் கடிதம் எழுதிக் காத்திருக்காமல் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது.